சொல்லைப் பாடிய குழல்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவிக்கு வாய்த்த ஆசிரியர்களை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள், குழலோனைத் தனியே நிறுத்தி அவன் தகுதிகளைக் கூறுகிறார். உரை வகுத்த அடியார்க்குநல்லாரோ, மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றால் குழல் செய்வர் என்று கருவியின் அமைப்பையும் விளக்குகிறார். இத்துணைப் பழமையுடைய கருவி, கச்சேரி மேடையில் முதன்மை இடம் பெற்றதோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அப்பெருமை, கண்ணொளி இழந்தும் இசையொளி பெற்ற கும்பகோணம் சரப சாஸ்திரிகளுக்கு உரியது. அவர் வழியில் பல்லடம் சஞ்சீவராவ் வந்தார். பின்னர் மாலி என்னும் டி. ஆர். மகாலிங்கம் குழலிசையின் போக்கையே மாற்றினார். இவ்வரலாறு பலரும் அறிந்தது.

அதே காலத்தில் ஓடிய மற்றோர் ஓடையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை நாகசுர மரபில் பிறந்தவர். கோயில் வாசலில் நெடுமூச்சுடன் இராகத்தை வளர்க்கும் பழக்கத்தைக் குழலுக்குக் கொணர்ந்தார். விரைவு காட்டி வியப்பூட்டுவது அவர் நோக்கமன்று. பாடகர் பாடுவதுபோல் குழல் பாட வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1953இல் சங்கீத கலாநிதி ஆனார்; 1961இல் மறைந்தார். அவருடைய தலைமாணாக்கர் டி. விசுவநாதன்.

விசுவநாதன் 1927இல் சென்னையில் பிறந்தார். வீணை தனம்மாளின் மகள் ஜெயம்மாளின் மைந்தர், நாட்டியப் பேரரசி பாலசரசுவதியின் தம்பி, மிருதங்கம் டி. ரங்கநாதன் அவருக்குத் தமையனார். பதமும் சாவளியும் மெல்ல மெல்ல ஊறிக் கிடந்த வீடு அது. அக்காளின் ஆடலுக்குத் தம்பி குழல் வாசிப்பார். பதத்தின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் வேறொரு மெய்ப்பாட்டை ஆடுபவர் காட்டுவார். எச்சொல்லில் அழுத்தம், எங்கே சீர் பிரிகிறது என்று அறியாதவர் அங்கே வாசித்தால் பொருள் சிதையும். குழலுக்கு நாவால் சொல்ல வராது. ஆயினும் காற்றை விடும் இடமும் விரல் அசையும் இடமும் சொல்லின் இடத்தைக் காட்டிவிடும். விசுவநாதன் மேடையில் குழலை இறக்கி வைத்து, அதே அடியை வாயாற் பாடிவிட்டு மீண்டும் வாசிப்பார். இதைக் குழலாசிரியர்க்குப் பொருந்தாத வழக்கம் என எண்ணுவார் இருக்கலாம். அதுவே அவர் பாடம் என்று கொள்வதே முறை.

1958இல் அமெரிக்கா சென்று திரும்பியவர், பின்னர் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். இராக ஆலாபனையைப் பற்றிய ஆய்வுக்கு 1975இல் அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றார். தமிழும் தெலுங்கும் அறியாத மாணவர்க்குப் பதம் கற்பிப்பது எங்ஙனம்? முதலிற் பாட வைத்தார். சொல்லைத் தெளிவாக உச்சரிக்க வைத்தார். ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்க மாணவர் அவரிடம் வாய்ப்பாட்டுப் பயின்று, ஹிக்கின்ஸ் பாகவதர் என்று தமிழ்நாட்டு மக்களே அழைக்கும் நிலைக்கு உயர்ந்தார். தாய்மொழியாளர் பலரிடம் காணாத தெளிவு அவர் உச்சரிப்பில் இருந்தது. நமக்குச் சற்று நாணத்தைத் தரும் செய்தியே இது.

மலேசியாவுக்கு இப்பாடம் அயலானதன்று. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சுவாமி சாந்தானந்த சரசுவதி 1981இல் தோற்றுவித்த நுண்கலைக் கோயிலில் பல இனத்தாரும் இந்திய இசையும் நடனமும் பயில்கின்றனர். அங்கும் கிள்ளானிலும் கருவி கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுள்ளும் பாட்டின் சொற்பொருள் அறியாமல் சுரத்தை மட்டும் ஏட்டில் பார்த்து வாசிப்போர் உண்டு. சுர ஏடு வேண்டாம் என்பதன்று கருத்து; ஏட்டிற்கு முன் வாய் வரவேண்டும். அவ்விடத்தில் இசையாசிரியரின் வேலையும் தமிழாசிரியரின் வேலையும் ஒன்றாகின்றன.

1984இல் தமக்கையையும், அதே ஆண்டில் சாலை விபத்தில் ஹிக்கின்ஸையும் இழந்தார் விசுவநாதன். 1987இல் தமையனாரும் மறைந்தார். வீட்டின் பதங்களைக் கேட்டு வளர்ந்த அந்த மூவருள் எஞ்சியவர் அவர் ஒருவரே. 1988இல் ஆசிரியர் பெற்ற சங்கீத கலாநிதி விருது மாணாக்கருக்கும் வந்தது. 1992இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுரிமை விருதும் கிடைத்தது. கற்பித்தலை மட்டும் அவர் விடவில்லை. தென்னிந்திய இசையைப் பற்றித் தம் மாணவர் மாத்யூ ஆலனுடன் எழுதிய நூல், 2002இல் அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின்னரே அச்சேறியது.