பக்கத்து வீட்டுச் சத்தம் எந்த வழியாக வருகிறது? ஆற்றல் கணக்கு சொல்லும் பதில்

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி நம் வீட்டில் கேட்டால், பலரும் முதலில் குறைசொல்வது இடைச்சுவரைத்தான். அதன்மேல் இன்னொரு பலகை அடித்து, நடுவில் பஞ்சு அடைத்து, பணம் செலவழித்த பிறகும் சத்தம் அப்படியே இருக்கிறது என்பவர்கள் உண்டு. சத்தம் இடைச்சுவர் வழியாக மட்டும் வருவதில்லை. தரை, மேல்தளம், பக்கச் சுவர் எல்லாவற்றையும் அதிர வைத்து வருகிறது. எந்த வழியில் எவ்வளவு வரும் என்பதைக் கட்டடம் எழும்பும் முன்பே கணக்கிட உதவும் முறைக்குப் புள்ளியியல் ஆற்றல் பகுப்பாய்வு என்று பெயர். பொறியாளர்கள் சுருக்கமாக எஸ்.இ.ஏ. என்பார்கள்.

இந்த முறை வீடுகளுக்காகப் பிறந்தது அல்ல, ராக்கெட்டுகளுக்காகப் பிறந்தது. ராக்கெட் கிளம்பும்போது எழும் பேரிரைச்சல் அதன் உடல் முழுவதையும் அதிர வைக்கும். உள்ளே இருக்கும் கருவிகள் அதைத் தாங்குமா என்பது 1960களின் தொடக்கத்தில் பெரிய கேள்வி. எந்தப் பொருளுக்கும் அது இயல்பாக அதிரும் வேகங்கள் சில உண்டு. மிருதங்கத்துக்கும் கோயில் மணிக்கும் தனித்தனி நாதம் இருப்பது அதனால்தான். இவற்றை இயல் அதிர்வெண்கள் என்பர். சாட்டர்ன் ராக்கெட்டில் 2,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே இவை சுமார் 5 லட்சம் இருக்கும் என மதிப்பிடப்பட்டது. அன்றைய கணினிகளால் முதல் சிலவற்றைத்தான் கணக்கிட முடிந்தது.

ரிச்சர்ட் லயன், பிரெஸ்டன் ஸ்மித் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். ஒவ்வொரு அதிர்வையும் துரத்தாமல், ஒரு பகுதியில் மொத்தம் எவ்வளவு அதிர்வு ஆற்றல் இருக்கிறது, அது அடுத்த பகுதிக்கு எவ்வளவு போகிறது என்று மட்டும் கேட்டார்கள். சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் போவது போல, அதிர்வு ஆற்றலும் மிகுதியான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போகிறது. வேறுபாடு எவ்வளவோ அந்த அளவுக்குப் போகிறது என்று லயனின் கணக்கு காட்டியது. அவர் இம்முறையை 1975இல் நூலாகவும் எழுதினார்.

குழாயால் இணைத்த தண்ணீர்த் தொட்டிகளை நினைத்தால் இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு சுவரும் ஒரு தொட்டி. இயல் அதிர்வெண்கள் நிறைய இருந்தால் தொட்டி அகலமானது. தண்ணீர் மட்டம்தான் அதிர்வின் அளவு. தொட்டியின் அடியில் ஒரு கசிவும் உண்டு. அதிர்வு வெப்பமாக மாறித் தீர்வது அந்த வழியாக. வரும் தண்ணீரும் போகும் தண்ணீரும் சமமாகும்போது எந்தத் தொட்டியில் எந்த மட்டம் என்பதைச் சில சமன்பாடுகளில் கண்டுவிடலாம். ராக்கெட்டோ மாடி வீடோ, கணக்கு ஒன்றுதான்.

கட்டடங்களின் ஒலித்தடுப்பைக் கணிக்கும் ஐ.எஸ்.ஓ. 12354 தரநிலை இந்தச் சிந்தனையின் எளிய வடிவத்தைப் பயன்படுத்துகிறது. அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்கு இடையே அது 13 வழிகளைக் கணக்கில் எடுக்கும். நேராகச் சுவர் வழியாக ஒன்று. சுவரின் நான்கு ஓரங்களிலும் மும்மூன்றாகச் சுற்றுவழிகள் பன்னிரண்டு. இடைச்சுவர் வழியாக வருவது பாதி, சுற்றுவழிகளில் வருவது பாதி என்று வைத்துக்கொள்வோம். இடைச்சுவரை முற்றாக அடைத்தாலும் குறைவது 3 டெசிபெல்தான். ஆற்றல் பாதியாகிவிட்டது, காதுக்கோ பெரிய மாற்றம் தெரியாது. பலகைக்குக் கொட்டிய பணம் வீணாவது இங்கேதான். சுற்றுவழிகளையும் சேர்த்து அடைக்காமல் பெரிய பலன் கிடைப்பது கடினம். பழைய தோட்டத்து லயங்களில் சுவர் கூரைவரை எட்டாத வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை!

இம்முறைக்கு எல்லையும் உண்டு. இது தருவது சராசரி மட்டுமே; அறையின் இந்த மூலையில், இந்தக் கட்டிலில் எவ்வளவு கேட்கும் என்று சொல்லாது. அதிர்வெண்கள் நிறைய இருந்தால்தான் சராசரிக்குப் பொருள் உண்டு. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையில் 1,000 ஹெர்ட்ஸ் வரை சுமார் 3,500 ஒலி அதிர்வெண்கள் உள்ளன. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெறும் எட்டு. ஆகவே பேச்சுச் சத்தத்துக்கு நன்றாகப் பொருந்தும் கணக்கு, உறுமியின் தாழ்ந்த முழக்கத்துக்கும் ஒலிபெருக்கியின் பேஸ் அதிர்வுக்கும் தடுமாறுகிறது. ஒரே அறையில் ஒரு பக்கம் காதை அடைக்கும் பேஸ், இரண்டடி நகர்ந்தால் காணாமல் போவதும் இதனால்தான்.

தாழ்ந்த அதிர்வுகளுக்குப் பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வேறு முறை இருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கில் இணைக்கும் வழியை பில் ஷார்ட்டர், ராபின் லாங்லி இருவரும் 2005இல் வெளியிட்டனர். கார், கப்பல், விமானத் தயாரிப்பில் எஸ்.இ.ஏ. இன்று வழக்கமான கருவி.