.303 ராணுவத் துப்பாக்கி: அசல்தன்மையும் நிலையும் மதிப்பிடுதல்

பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றின் அசல்தன்மை என்பது, அதன் உடலில் பொறிக்கப்பட்டுள்ள வகை, ஆண்டு, தொழிற்சாலை ஆகிய விவரங்களுக்கும் இப்போது அதில் பூட்டப்பட்டிருக்கும் உறுப்புகளுக்கும் இடையிலுள்ள பொருத்தமாகும். நிலை என்பது அவ்வுறுப்புகள் தேய்ந்தும் துருப்பிடித்தும் போயிருக்கும் அளவாகும். இந்தியாவில் இந்த ஆய்வுக்குப் பெரும்பாலும் உட்படுவது, காவல்துறையிலும் பேச்சுவழக்கிலும் 'த்ரீ நாட் த்ரீ' எனப்படும் .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியே. இதன் குறுங்குழல் வடிவமான மூன்றாம் மாதிரி 1907இல் ஏற்கப்பட்டது. வங்காளத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இதைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது. 10 தோட்டாக்கள் கொள்ளும் இந்தத் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 4 கிலோ, குழல் விட்டம் 7.7 மில்லிமீட்டர். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020இல்தான் இதற்கு விடை கொடுத்தது.

ஆய்வு தொடங்கும் இடம், போல்ட் கைப்பிடிக்குக் கீழே பின்கட்டை நுழைந்து நிற்கும் எஃகுக் கழுத்தின் வலப்பக்கமாகும். முடிச் சின்னமும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளும் ஜார்ஜ் மன்னர்கள் இந்தியப் பேரரசர்களாக இருந்த காலத்தைக் காட்டும். அவற்றின் கீழே இஷாப்பூர் என்ற பெயர், ஆண்டு, மாதிரி எண் ஆகியவை வரிசையாக நிற்கும். விடுதலைக்குப் பின் முடியின் இடத்தை அசோகச் சிங்கமும், பெயரின் இடத்தை ஆர்.எஃப்.ஐ. என்ற சுருக்கமும் பிடித்துக்கொண்டன. ஆகவே முடிச் சின்னத்துக்குக் கீழே 7.62 மில்லிமீட்டர் எனக் குறித்த துப்பாக்கி எதையேனும் கண்டால் ஐயுறலாம். அந்த அளவுக்குரிய 2ஏ, 2ஏ1 வகைகள் 1962 சீனப் போருக்குப் பிறகு வந்தவை. எல்லைப்புறக் கைவினைஞர்கள் செய்த போலிகளில் எழுத்துகள் தலைகீழாகவோ பிழையாகவோ இருப்பதுண்டு.

அடுத்து வரிசை எண். அது உடற்பகுதியின் முன்வளையத்திலும், குழலிலும், போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும், பின்குறிப் பலகையின் அடியிலும், கத்தி மாட்டும் முன்முனையிலும் பொறிக்கப்படும். ஐந்தும் ஒத்திருந்தால்தான் துப்பாக்கி அசல் என்று சேகரிப்பாளர் கூறுவது மேல்நாட்டு அளவுகோல். இந்தியச் சேவையில் இருந்த துப்பாக்கிகளுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது. படைக்கலச் சாலைகள் பழுதான குழலையும் போல்ட்டையும் மாற்றி, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறித்தே துப்பாக்கியைத் திருப்பி அனுப்பின. அத்தகைய திருத்தம் சேவை வரலாற்றின் ஒரு பகுதி. ஐயத்துக்குரியது எண்ணில்லாத போல்ட்டும், புது எழுத்து வார்ப்பில் அண்மையில் பொறித்த எண்ணுமாகும். முன்கட்டையில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் அது கையெறி குண்டு ஏவுவதற்கான வலுவூட்டல். பிளந்த கட்டையை மறைக்கும் ஒட்டுவேலை என்று அதைப் பிழையாக எண்ணிக் கழற்றிவிடுவோரும் உண்டு.

இன்னொரு வகை இந்தியாவுக்கே உரியது. .303 துப்பாக்கிகளின் குழலை விரித்து, .410 தோட்டாவுக்கேற்ப வழவழப்பான துளையாக்கி, மேகசின் வாயில் மரக்கட்டை அடைத்து ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றிக் காவலுக்குக் கொடுத்தனர். இதன் குழலில் சுருள்வரிப் பள்ளங்கள் இல்லாததைக் கண்டு 'தேய்ந்தே போயிற்று' என்று எழுதிவிடும் மதிப்பீட்டாளர் முதல் பாடத்திலேயே தவறுகிறார்.

நிலையைக் கணிக்கும்போது, தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, பின்வாயில் வெள்ளைத் தாளை வைத்து முன்வாயிலிருந்து பார்ப்பர். மூன்றாம் மாதிரியின் குழலில் இடப்பக்கம் சுழலும் ஐந்து பள்ளங்கள் கூர்மையான விளிம்புடன் தெரிய வேண்டும். பழைய தோட்டாக்களின் தீக்கொளுத்தியில் இருந்த பொட்டாசியம் குளோரேட், எரிந்தபின் குளோரைடு உப்பாகி ஈரத்தை இழுக்கும். சுடுநீரால் கழுவாத குழலில் அதனால் கறுத்த குழிகள் விழும். முன்வாய் ஒருபுறமாக நீள்வட்டமாகியிருந்தால், துடைக்கும் கயிறு பல்லாண்டுகள் சாய்வாக இழுக்கப்பட்டிருக்கிறது. போல்ட் மூடியபின் தோட்டாவின் பின்விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளியைச் சோதனைக் கட்டையால் அளக்க வேண்டும். இடைவெளி மிகுந்தால் தோட்டாக்கூடு கிழியும்.

தேனி மாவட்டத்தில் கட்டையின் ஆய்வு தனிக் கவனம் கோருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் கூடலூர், லோயர்கேம்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் சாரல் நனைக்க, ஆண்டிபட்டிப் பக்கம் வறண்டு கிடக்கும். ஈரத்தில் உப்பிய கட்டை வறட்சியில் சுருங்கும்போது, உடற்பகுதி அமர்ந்திருக்கும் தாங்குதளங்கள் விலகிவிடுகின்றன. சுடும்போது எழும் பின்னுந்தலை முன்கட்டையின் மெல்லிய வால் தாங்க நேர்ந்து அது பிளக்கிறது. இஷாப்பூர் இதைத் தடுக்கவே கட்டையின் குறுக்கே ஒரு திருகைச் செலுத்தியது. சேகரிப்பாளர் வட்டாரத்தில் அதற்கு 'இஷாப்பூர் திருகு' என்றே பெயர். அது தொழிற்சாலை வேலைதான். ஆளிவிதை எண்ணெய் ஊறிய மங்கல் நிறம் நல்ல அடையாளம். மின்னும் வார்னிஷ் அண்மைக் கைவேலை. பழைய கட்டையைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழக்கம், ஆய்வுக்குரிய முத்திரைகளை முதலில் அழிக்கிறது.

இந்த மாவட்டத்தில் உரிமம் பெற்றவர்களிடம், குறிப்பாக ஏலத்தோட்டங்களை ஒட்டிய மலைப்பகுதியில், காணக்கூடியது .315 விளையாட்டுத் துப்பாக்கியே. லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே இஷாப்பூரில் உருவான இதை .303 என்று விற்க முனைவோர் உண்டு. .303 தடைசெய்யப்பட்ட விட்டமாகக் கருதப்படுவதால் பொதுமக்களுக்கு அது கிடைப்பதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் பயன்படாத பழைய ஆயுதத்துக்கு விலக்களிக்கிறது. செவ்வையான போல்ட்டும் குழலும் கொண்டது அந்த விலக்கில் சேராது. அதாவது, மதிப்பீட்டாளரின் கண்ணில் சிறந்ததே சட்டத்தின் கண்ணில் தடைக்குரியது. தாத்தா காலத்துப் பெட்டியில் அப்படி ஒன்று அகப்பட்டால், அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி காவல்நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதை ஒப்படைத்துவிட்டு, ஆய்வை அங்கேயே நடத்திக்கொள்ள வேண்டும்.