ஊறல் நீர் மருந்தான வரலாறு: பெனிசிலின் பெருக்கத்தில் ஆலைக் கழிவின் பங்கு (1938–1945)

பெனிசிலினின் கதையை 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் படிந்த பூஞ்சையிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்தப் பூஞ்சை மருந்தாகி மருத்துவமனைகளை எட்டிய தடத்தைப் பின்பற்றினால், அமெரிக்க மக்காச்சோள ஆலைகளின் ஊறல் நீரில் போய் நிற்கிறோம். விற்காத விளைச்சலுக்கும் ஆலை மிச்சத்துக்கும் வழி தேட எழுந்த அரசு ஆய்வகமே மருந்துப் பெருக்கத்துக்கு அடித்தளம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தட்டுப்பாடு

ஆக்ஸ்போர்டில் ஹோவர்டு புளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் 1940 மே மாதம் சுண்டெலிகளில் மருந்தின் ஆற்றலைக் காட்டினார்கள். 1941 பிப்ரவரியில் காவலர் ஒருவருக்கு அதைச் செலுத்தியபோது, சிறுநீரில் வெளியேறிய மருந்தையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள். அவர் தேறிவந்த வேளையில் கையிருப்பு தீர்ந்தது, மார்ச்சில் இறந்தார்.

பியோரியாவின் விடை

அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு வேளாண் சட்டம் நான்கு வட்டார ஆய்வகங்களுக்கு வழிவகுத்தது. அவற்றுள் ஒன்று இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் அமைந்தது. ஸ்டார்ச் எடுப்பதற்காக மக்காச்சோளத்தை ஊறவைக்கும் நீரில் புரதச் சிதைவுகளும் லாக்டிக் அமிலமும் தேங்கும். இதற்கொரு பயன் காண, அங்கிருந்தோர் தம் நொதித்தல் சோதனைகள் பெரும்பாலானவற்றில் அதைச் சேர்த்துப் பார்த்துவந்தார்கள். 1941 ஜூலையில் புளோரியும் ஹீட்லியும் பூஞ்சையோடு வந்தபோது, ஆண்ட்ரூ மோயர் அதன் ஊடகத்திலும் ஊறல் நீரைச் சேர்த்தார். விளைச்சல் ஏறத்தாழ பத்து மடங்கானது. சர்க்கரைக்குப் பதிலாக அவர் இட்ட லாக்டோஸும் சீஸ் தயாரிப்பில் மிஞ்சும் வடிநீரிலிருந்து கிடைப்பதுதான்.

ஊறல் நீர் பூஞ்சைக்கு வெறும் தீனியாக மட்டும் இருக்கவில்லை. பெனிசிலின் மூலக்கூற்றின் பக்கச் சங்கிலிக்கு வேண்டிய முன்பொருள்களும் அதில் இருந்தன. அதனால்தான் ஆக்ஸ்போர்டில் முதன்மையாகக் கிடைத்தது எஃப் வகையாகவும், அமெரிக்காவில் கிடைத்தது ஜி வகையாகவும் அமைந்தன. கழிவு மருந்தின் அளவோடு அதன் வேதியமைப்பையும் மாற்றியது.

கூட்டுழைப்பும் பிணக்கும்

1943இல் பியோரியாவில் கிடைத்த அழுகிய முலாம்பழம் ஒன்றின் பூஞ்சை, ஆழ்கலன் வளர்ப்புக்குப் பொருத்தமாக இருந்தது. கார்னகி நிறுவனத்தின் எக்ஸ் கதிர்களும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் புறஊதாக் கதிர்களும் அதன் திறனை உயர்த்தின. மெர்க், ஸ்குவிப், ஃபைசர் நிறுவனங்கள் உற்பத்தியில் இறங்கின. 1944 மார்ச்சில் புரூக்ளினில் ஃபைசர் பெருங்கலன் ஆலையைத் திறந்தது. அமெரிக்க உற்பத்தி 1943இல் 2,100 கோடி அலகு. 1944இல் 1,66,300 கோடி. 1945இல் 6,80,000 கோடிக்கும் மேல்.

ஆக்ஸ்போர்டு குழு காப்புரிமை எதுவும் கோராதிருக்க, உற்பத்தி முறைக்கு மோயர் தம் பெயரில் காப்புரிமை பெற்றார். இது பிரிட்டனில் நெடுங்காலம் மனக்கசப்பாக நின்றது. 1945 நோபல் பரிசிலும் ஹீட்லிக்கு இடமில்லை; 1990இல்தான் ஆக்ஸ்போர்டு அவருக்கு மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் தந்தது.

முடிவு

பியோரியா ஆய்வகம் மருந்து தேடி எழுந்ததன்று. ஆயினும் பூஞ்சை வந்திறங்கிய நாளில் ஊறல் நீரும் அதைப் பழகிய கைகளும் அங்கே இருந்தன. மிச்சத்தை ஆராய அரசு முன்கூட்டியே செய்த செலவு, போர்க்காலத்தில் மருந்தாகத் திரும்பியது.