பாசறையில் வீசிய வாடை

சங்கப் போர்ப்பாடல்களில் இயற்கைக்கும் வீரர்தம் துன்பத்துக்கும் உள்ள தொடர்பு ஆராயத்தக்கது. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளையுடையது. அதன் முற்பகுதியில் கூதிர்க்காலக் குளிரால் கோவலர் நடுங்குகின்றனர், மந்தி ஒடுங்குகின்றது, கறவை தன் கன்றையே உதைத்து விலக்குகின்றது. அடுத்து, அரண்மனையில் அரசி பிரிவால் வருந்துகின்றாள். இறுதியில் அதே வாடை பாசறை விளக்குகளின் சுடரைத் தெற்கே சாய்க்கின்றது. தூவும் துளியிடையே, நள்ளிரவிலும் உறங்காத அரசன் சிலரோடு சென்று, விழுப்புண் பட்ட மறவரைக் காண்கின்றான்.

நப்பூதனார் 103 அடிகளில் பாடிய முல்லைப்பாட்டிலும், கார்காலத்தில் மீள்வதாகக் கூறிச் சென்ற தலைவன் பாசறையில் உறக்கம் கொள்ளவில்லை. புண்பட்ட களிறுகளையும், மாண்ட வீரரையும், அம்பு தைத்து உணவு மறுத்த குதிரைகளையும் அவன் எண்ணுகின்றான்.

வஞ்சித்திணையை முல்லைக்குப் புறனாகத் தொல்காப்பியர் வகுத்ததன் பொருத்தம் ஈண்டுப் புலனாகின்றது. இல்லிருந்து காத்திருப்பவளுக்கும் களத்தில் காயமுற்றவனுக்கும் பருவம் ஒன்றே. அதன் குளிர் அவள் பிரிவையும் அவன் புண்ணையும் ஒருங்கே மிகுவிக்கின்றது. அரசர்தம் போர்ச்செலவைப் பாடுமிடத்தும், அதனால் நலிந்த உயிர்களை இப்புலவர்கள் மறந்திலர் என்பது தெளிவு.