காற்றைப் பூட்டிய தேர்

ஒக்கூர் மாசாத்தியாரின் அகநானூற்றுப் பாடல் ஒன்றில் (384), வினைமுடித்து மீளும் தலைவன் தேர் வந்த விரைவைக் கண்டு வியக்கிறான். இழுத்து வந்தது குதிரையா காற்றா எனப் பாகனிடமே ஐயத்தை வைக்கிறான். கற்பனையில் தேரின் முன்னால் கட்டப்பட்ட அக்காற்று, சக்கரத்துக்குள் அடைபட்டது 19ஆம் நூற்றாண்டில்தான். 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டபின், 1888இல் டன்லப் அதை மீண்டும் கண்டுபிடித்தார். அன்றுமுதல் டயரின் வரலாறு, காற்றை வெளியேற விடாமல் காக்கும் வரலாறே எனலாம்.

இதில் செட்டிநாட்டுக்கும் பங்குண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருக, மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களும் பெருகின. நகரத்தார் வட்டிக்கடைகள் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தன; பெருந்தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் மிகப் பலர் தமிழ்த் தொழிலாளர். ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு குறை உண்டு. கண்ணுக்குத் துளை தெரியாவிட்டாலும் காற்று அதனூடே மெல்லக் கசியும். 1937இல் அமெரிக்காவில் உருவான பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் அக்கசிவை வெகுவாகக் குறைத்தது. டியூப்பில் இயற்கை ரப்பரின் இடத்தை அதுவே பிடித்துக்கொண்டது.

எனினும் குளிரின் செயலை எந்த ரப்பராலும் தடுக்க இயலாது. அடைபட்ட காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும் என்பதை, டயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, 1702இல் அமொந்தோன் என்ற பிரெஞ்சு அறிஞர் விளக்கிவிட்டார். கார் டயரில் 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறத்தாழ 1 பவுண்டு குறையும்.

ஆகவே மார்கழி விடியலில் நான்கு டயர்களும் ஒருசேர இரண்டு மூன்று பவுண்டு இறங்கியிருந்தால் அது குளிரின் வேலை. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் குளிர்மீது பழி போடலாகாது. ஆணியோ, வால்வோ, ரிம்மின் விளிம்போ காரணமாயிருக்கும்; சோப்பு நீரில் எழும் குமிழி இடத்தைக் காட்டிவிடும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதல் அளவு காட்டுமாதலால், வண்டியை எடுக்குமுன் அளப்பதே முறை.

இப்பகுத்தறிதல் சிறு செய்தியன்று. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மிகுதியாக மடங்கிச் சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கவும் கூடும். இதனாலேயே அமெரிக்கா 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களில் எச்சரிக்கை விளக்கைக் கட்டாயமாக்கியது. அவ்விளக்கு காற்றுக் குறைந்ததைச் சொல்லும். குளிரா, கசிவா என்று சொல்லாது. அதை அறிய வேண்டியவர் இன்றும் பாகனே.