சிற்றிதழும் ஓவியரும்

தமிழ் இலக்கிய இதழ்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் ஆசிரியர், எழுத்தாளர், கொள்கை என்பனபற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். அவ்விதழ்கள் தமக்கோர் ஓவியரைத் தேடிக்கொண்ட வரலாறு அத்துணைக் கவனம் பெற்றதில்லை. கற்பிட்டிக் குடாநாட்டிலே, எங்கள் எத்தாளை போன்றதொரு கிராமத்திலிருந்து இதழ் வெளியிட விழைவோருக்கு இது ஏட்டுச் சிக்கலன்று. கவிதைக்குக் களப்பு உண்டு. கதைக்கு மாந்தர் உண்டு. அட்டைக்குக் கோடிழுப்பார்தாம் இல்லை.

பேரிதழ்களின் நிலை வேறு. ஆனந்த விகடனுக்கு மாலியும் கோபுலுவும் வாய்த்தனர். 1950 முதல் 1954 வரை கல்கியிலே ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது, வந்தியத்தேவனுக்கு முகங்கொடுத்தவை மணியத்தின் சித்திரங்களே. ஆயினும் அங்கே சித்திரம் கதைக்குப் பணிபுரிந்தது. கதையைவிட்டு விலகி நிற்கும் உரிமை அதற்கு இருக்கவில்லை.

சிற்றிதழுக்கோ படம் என்றாலே செலவு. ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்திலே, நாகத் தகட்டை அமிலத்தால் அரித்து, எழுத்தின் உயரத்துக்கு மரக்கட்டையிற் பொருத்தி, ‘புளொக்’ செய்வித்தாக வேண்டும். ஒளியும் நிழலும் கலந்த படமாயின் புள்ளித்திரையிட்ட புளொக்கும் வழவழப்பான தாளும் தேவை. கோட்டோவியமோ மலிந்த தாளிலும் துலங்கும். எனவே கோட்டோவியம் சிற்றிதழின் ஓவியமானதை அழகியல் தெரிவென்று மட்டும் கொள்ளலாகாது. பணப்பைக்கும் அதிற் பங்குண்டு.

வரைபவர் எங்கிருந்து வந்தார்? கே. சி. எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966இல் சென்னைக்கருகே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று. சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்ற இளைஞரின் நவீன ஓவியங்களுக்குத் தமிழரிடையே பார்வையாளர் அரிது. புதுக்கவிதைக்கு வாசகர் அரிது. 1968இல் ‘நடை’யும் 1970இல் ‘கசடதபற’வும் தோன்றியபோது இவ்விரு தனிமைகளும் சந்தித்தன. கூலி கொடுக்க இயலாத இதழுக்குக் கே. எம். ஆதிமூலம் போன்றோர் நட்பின்பொருட்டு வரைந்தனர். அவருடைய கோடு கவிதைக்கு உரை சொல்லவில்லை, அருகே நின்றது. பின்னர் ஜூனியர் விகடனிலே கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவரே வரைந்தார். சிற்றிதழிற் பழகிய கோடு பெருந்திரள் வாசகரிடம் சென்றது இவ்வாறே.

ஈழத்திலே விடைகள் வேறுபட்டன. 1963இல் ‘சிரித்திரன்’ தொடங்கிய சிவஞானசுந்தரம் ஓவியரைத் தேடவேண்டியிருக்கவில்லை, அவரே கேலிச்சித்திரக்காரர். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் உருவப்படங்களை அட்டையில் தாங்கி வந்தது. இதனை ஓவியமின்மைக்கான ஈடாகக் கருதுவோருடன் யான் உடன்படேன். எழுதுவோனின் முகத்தை வாசகன் அறியவேண்டும் என்பதும் ஒரு கொள்கையே.

யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்குவையும் இங்கு நினைத்தல் தகும். இளையோர் பலருக்கு ஓவியம் பயிற்றியவர் அவர். அவரைச் சிறப்பித்து 1987இல் ‘தேடலும் படைப்புலகமும்’ என்னும் நூல் வெளிவந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே அவருடைய ஓவியங்கள் பல தொலைந்தன. 2000ஆம் ஆண்டு அவரும் மறைந்தார். தீட்டிய சீலை ஒன்றேயாயிருந்தது. அச்சேறிய பிரதிகளோ அதற்குள் பல வீடுகளைச் சென்றடைந்திருந்தன.