கவுன்சிலிங் என்றால் சீட் மட்டுமா?

இங்கே மைசூர் விஜயநகரில் பக்கத்து வீட்டுப் பையன் பியூசியில் ஒரு பேப்பர் போய், மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் யாரும் அழவில்லை. எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

கவுன்சிலிங் என்றால் நமக்கெல்லாம் அப்பாவோடு கிண்டிக்குப் போய் இன்ஜினியரிங் சீட் எடுத்ததுதானே! 1986-லேயே சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா'வைத் தொடங்கியிருந்தார். 1953-ல் லண்டனில் பாதிரியார் சாட் வாரா ஆரம்பித்த 'சமாரிட்டன்ஸ்' வழியில் வந்தது. கொழும்பில் 'சுமித்ரயோ' 1974-லேயே வந்துவிட்டது. போனை எடுப்பவர் டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற தன்னார்வலர். புத்திமதி சொல்லாமல் கேட்பதுதான் வேலை. (நம் ஆட்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை உண்டா?) தற்கொலை முயற்சி அப்போது 309-ஆம் பிரிவில் குற்றம். போலீசுக்குப் பயந்தே குடும்பங்கள் மூடி மறைத்தன. தண்டிக்காதே, உதவி செய் என்று சட்டம் சொன்னது 2017-ல்தான்.

அன்றைக்குப் பேப்பரில் நம்பர் இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. அடுத்த தேர்வில் பாஸானாலும் காலேஜ் அட்மிஷன் முடிந்திருக்கும். ஆறுதல் சொன்னால் போதாது, தேர்வு முறையே மாறவேண்டும் என்று சிநேகாவினர் அரசிடம் வற்புறுத்தினார்கள். ரிசல்ட் வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு எழுதி, அதே வருடம் கல்லூரியில் சேரும் வழி பிறந்தது.

என் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் போன ஒருவனுக்கு அது கிடைக்கவில்லை. அவன் அம்மாவை இன்றும் ஊருக்குப் போனால் பார்க்கிறேன்.